திண்ணையிலிருந்து யூனியன் பள்ளி வரை: தமிழ்நாட்டுப் பள்ளிக்கூட வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட வரலாறு என்று பேச்செடுத்தாலே கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே ஊருக்கு ஊர் பள்ளி இருந்தது, அவன்தான் கெடுத்தான் என்பார்கள் ஒரு பக்கம். அவன் வந்த பிறகுதான் நமக்கு எழுத்தே தெரிந்தது என்பார்கள் மறுபக்கம். ரெண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கேட்பதே இல்லை: அந்தப் பள்ளியில் யார் உட்கார்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள்? கீழே உள்ள பதில்களில் நான் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்பேன்.

திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது சரியாக என்ன?

ஒரு வாத்தியார், அவர் வீட்டுத் திண்ணையோ ஊர்ச் சாவடியோ மரத்தடியோ, சுற்றி இருபது முப்பது பையன்கள். அவ்வளவுதான் பள்ளி. தென் மாவட்டங்களில் வாத்தியாரை அண்ணாவி என்பார்கள். அரசு சம்பளம் கிடையாது. நெல், தானியம், காய்கறி, கொஞ்சம் காசு என்று பையன்களின் வீட்டார் கொடுப்பதுதான் வருமானம். அமாவாசை, பௌர்ணமி விடுமுறைக்குக் கொடுக்கும் 'வாவுக்காசு' தனி. நவராத்திரி வந்தால் பையன்களை அலங்கரித்து, பாட்டுப் பாடிக் கோலாட்டம் அடிக்கவைத்து வீடு வீடாக அழைத்துப் போவார். அன்று கிடைப்பதும் அவருக்குத்தான். போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பழக்கம் மணலில் தொடங்கும். விரலால் 'அ' எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கை படிந்த பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி எல்லாம் மனப்பாடம். ஆனால் இந்தப் பள்ளிகளின் உண்மையான பலம் கணக்கு. எண்சுவடி என்ற வாய்பாட்டுச் சுவடியை வைத்து முழு எண்களோடு நிற்காமல் பின்னங்களையும் வாயாலேயே பெருக்கப் பழக்குவார்கள். மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. நிலம் அளக்க, நெல் அளக்க, வட்டி போட இதுதான் வேண்டும். பள்ளியை விட்டுப் போகிற பையன் கணக்குப்பிள்ளையாகவோ மளிகைக் கடையிலோ உட்காரத் தயாராக இருப்பான். 1957இல் நயா பைசா வந்தபிறகுதான் அரையும் காலும் அரைக்காலும் வாய்பாட்டிலிருந்து மெல்லக் கழன்றன.

தண்டனைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. உத்தரத்தில் கயிறு கட்டி, பையனை அதைப் பிடித்துத் தொங்கவிட்டு அடிப்பதற்குக் கோதண்டம் என்று பெயர். ஓடிப்போகிறவன் காலில் சங்கிலியோடு மரக்கட்டை மாட்டுவார்கள். "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று சொல்லித்தான் அப்பாக்கள் பையனை ஒப்படைத்தார்கள். திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அப்படியானால் அந்தக் காலத்தில் எல்லாரும் படித்தார்களா?

இல்லை. ஆனால் யாருமே படிக்கவில்லை என்பதும் பொய். ரெண்டுக்கும் ஆதாரம் ஒரே இடத்தில் இருக்கிறது.

சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லாக் கலெக்டர்களுக்கும் உத்தரவு போட்டார்: உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள், என்னென்ன சாதி, எழுதி அனுப்புங்கள். பதில்கள் வந்து சேர வருடக்கணக்கில் ஆனது. 1826 மார்ச்சில் மன்றோ தொகுத்த கணக்குப்படி மாகாண மக்கள்தொகை 1,28,50,941. பள்ளிகள் 12,498. ஐந்து முதல் பத்து வயதுப் பையன்கள் சுமார் 7,13,000 பேர் இருக்கலாம் என்றும், அவர்களில் பள்ளிக்குப் போகிறவர்கள் 1,84,110 பேர் என்றும் அவர் கணக்கிட்டார். அதாவது நான்கில் ஒருவனுக்குக் கொஞ்சம் மேல். வீட்டிலேயே படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவன் இருப்பான் என்று எழுதினார். அன்றைய ஐரோப்பாவின் பல நாடுகளில் சில காலம் முன்புவரை இருந்த நிலையைவிட இது மேல் என்பதும் அவர் கருத்து.

இந்த அறிக்கைகளைக் காந்தியவாதி தரம்பால் 1983இல் புத்தகமாகத் தொகுத்தபோது பலருக்கு அதிர்ச்சி. தமிழ் ஜில்லாக்களில் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிராமணர் அல்ல. அந்தப் பதிவேடு 'சூத்திரர்' என்று குறிக்கும் பெரும் பிரிவினர். படிப்பு முழுக்க முழுக்க ஒரு சாதியின் கையில் இருந்தது என்று நம்பியவர்கள் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அதே அட்டவணையில் பெண்கள் பத்தியைப் பாருங்கள். கிட்டத்தட்ட காலி. சேரிப் பிள்ளைகள்? அவர்களுக்கென்று ஒரு பத்தி கூட இல்லை. திண்ணைக்குக் கதவு கிடையாது என்பது உண்மைதான். திண்ணை இருந்த தெருவுக்குள்ளேயே நுழைய முடியாதவனுக்குக் கதவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

சட்டாம்பிள்ளை முறை, அதாவது ஒரு பையனை வைத்தே மற்றப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, இங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1789இல் சென்னை எழும்பூரில் ஓர் அனாதைப் பையன்கள் இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். போகிற வழியில் ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். (அக்கால ஆங்கிலேயர் வாயில் மலபார் என்றால் பெரும்பாலும் தமிழ்தான்.) அதைத் தன் இல்லத்தில் புகுத்தச் சொன்னபோது அவருடைய ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். சரி என்று எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்து, சின்னவர்களுக்கு நீயே சொல்லிக்கொடு என்றார். அது பலித்தது. 1797இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். கொஞ்ச நாளில் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்க ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் மணல் பரப்பிய தட்டும் சட்டாம்பிள்ளையும் வந்தாயிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

அந்த முறை அங்கே பரவியதற்குக் காரணம் நம் கல்வியின் மேன்மை என்று மார்தட்ட வேண்டாம். ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூறு பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதுதான் அவர்களைக் கவர்ந்தது.

வகுப்பு, பெஞ்சு, கரும்பலகை எல்லாம் எப்போது வந்தன?

திண்ணையில் 'மூன்றாம் வகுப்பு' என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவனும் அவனவன் சுவடியில் அவனவன் இடத்தில் இருப்பான். ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்து, ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் நடத்துவது மிஷனரிகளும் கம்பெனி அரசும் கொண்டுவந்த ஏற்பாடு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707இலேயே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார். பெரிய அளவில் மாற்றம் வந்தது 1854க்குப் பிறகுதான். அந்த வருடம் லண்டனிலிருந்து வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு கல்வித் துறை வேண்டும், தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதியுதவி தர வேண்டும் என்றது. அடுத்த வருடமே சென்னையில் அலெக்சாண்டர் அர்பத்நாட் முதல் இயக்குநரானார்.

திண்ணைப் பள்ளிகளை யாரும் ஒரே நாளில் பூட்டவில்லை. உதவித்தொகை வேண்டுமா, அச்சடித்த புத்தகம் வை, வருகைப் பதிவேடு வை, இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்பார் என்றார்கள். எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்கேற்பப் பணம். வருமானம் தேய்ந்துகொண்டிருந்த வாத்தியார்கள் இதற்குள் வந்தார்கள். வராதவர்கள் பள்ளி அவர்களோடு முடிந்தது. திண்ணையில் இருந்த பின்னக் கணக்கு போய், ராஜாக்களின் பட்டியலும் பூகோளமும் உள்ளே வந்தன.

கரும்பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. கிராமப் பள்ளிகளில் அதைக் கருப்பாகவே வைத்திருப்பது பிள்ளைகளின் வேலை. அடுப்புக்கரியையும் கோவை இலையையும் சேர்த்து அரைத்துப் பூசுவார்கள். சிலேட்டைத் துடைக்கவும் அதே கோவை இலைதான். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் பள்ளிக்கூட வாசனை எது என்று கேட்டுப்பாருங்கள், இதைத்தான் சொல்வார்கள்.

போர்டு ஸ்கூல், யூனியன் ஸ்கூல், எய்டட் ஸ்கூல்: ஏன் இத்தனை பெயர்?

பணம் எங்கிருந்து வந்ததோ, பெயர் அங்கிருந்து வந்தது. 1884இல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சிப் போர்டுச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் நடத்தியவை போர்டு ஸ்கூல். நகரசபை நடத்தியது முனிசிபல் ஸ்கூல். 1920இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்து, கல்விக்கென்று உள்ளூரில் வரி போடவும் கட்டாயக் கல்வி கொண்டுவரவும் வழி செய்தது. 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஊராட்சி ஒன்றியங்கள் உருவாக, கிராமத் தொடக்கப்பள்ளிகள் அவற்றின் கைக்குப் போயின. அதனால்தான் இன்றும் பெயர்ப்பலகையில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி' என்று இருக்கிறது. 1981இல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பலகை மட்டும் மாறவில்லை.

எய்டட் பள்ளி, அதாவது அரசு உதவி பெறும் பள்ளி, நேராக 1854இன் பிள்ளை. நிர்வாகம் திருச்சபையோ அறக்கட்டளையோ தனியாரோ. ஆசிரியர் சம்பளம் அரசு. 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை வைத்திருப்பவை பெரும்பாலும் தனியார் பள்ளிகள். அந்தப் பெயர்க் குழப்பத்தை இங்கிலாந்து நமக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனது.

கன்னியாகுமரிக்காரர்களுக்கு இந்தக் கதையில் பாதி பொருந்தாது. 1956 வரை அது திருவிதாங்கூர் பக்கம். அங்கே 1817இலேயே ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார்.

ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் எப்போது உள்ளே வந்தார்கள்?

இதற்கு ஒரு தேதி கிடையாது. கதவு பல தடவை திறந்து பல தடவை சாத்தப்பட்டது.

சட்டப்படி அரசுப் பள்ளி எல்லாருக்கும் பொது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியாயிற்று. ஆனால் பள்ளி இருந்தது ஊருக்குள். ஒரு சேரிப் பையன் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் உதவித்தொகை போய்விடும் என்று வாத்தியாரே அவனைச் சேர்க்கத் தயங்குவார். இதனால் தனிப்பள்ளிகள்தான் முதலில் வழியாயின. மிஷன் பள்ளிகள் முன்னால் நின்றன. 1893இல் அரசு, 'பஞ்சமர்' என்று அக்காலத்தில் குறிப்பிட்டவர்களின் கல்விக்குத் தனிச் சலுகைகளை அறிவித்தது. 1894இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் சென்னை அடையாறில் ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் அவரோடு நெருக்கமாக இருந்த காலம் அது. 1920களில் தொழிலாளர் துறை தனியாகப் பள்ளிகள் நடத்தியது. ஊரில் 'லேபர் ஸ்கூல்' என்பார்கள். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் தாத்தா அவை. மதுரைப் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்னொரு கிளை: குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய அரசே பிறகு கட்டிய பள்ளிகள்.

பொதுப் பள்ளிக்குள் நுழைந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது? இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கோயம்புத்தூரில் அவர் படித்த கலாசாலையில் சுமார் 400 பேரில் பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லாரும் பிராமணர். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் யாரோடும் பழகமாட்டார். மணி அடிக்கும் வரை வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துவிட்டு, அடித்த பிறகு வகுப்புக்குள் போவார். விட்டதும் யாரும் கூட வந்துவிடாதபடி வேகவேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். பின்னாளில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் இவர்தான்.

தேசியம் பேசியவர்கள் நடத்திய இடங்களும் விதிவிலக்கு இல்லை. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாட்டு இடம் என்பது 1924–25இல் பெரிய சண்டையானது. பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறுவதற்கு முன் நடந்த மோதல்களில் இது முக்கியமானது.

பெண் பிள்ளைகள்?

பள்ளி இல்லாதது பாதிச் சிக்கல். பெண் வாத்தியார் இல்லாதது மீதிப் பாதி. ஆண் வாத்தியாரிடம் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். அனுப்பினாலும் பத்து, பதினோரு வயதில் கல்யாணம் செய்துவைத்து நிறுத்திவிடுவார்கள். பிறகு ஆசிரியை எங்கிருந்து வருவார்? இந்தச் சிக்கலை வேறு முனையிலிருந்து அவிழ்த்தவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறு வயதிலேயே விதவையானவர். 1911இல் பட்டம் பெற்றார். அடுத்த வருடமே இளம் விதவைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கி, அவர்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக ஆக்கினார். அந்த இல்லம் பிறகு மெரினா கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. சமூகம் மூலையில் உட்காரவைத்த பெண்கள்தான் அடுத்த தலைமுறைப் பெண்களுக்கு எழுத்தறிவித்தார்கள்.

மதிய உணவைத் தொடங்கியது யார்? நீதிக்கட்சியா, காமராஜரா, எம்.ஜி.ஆரா?

தேர்தலுக்குத் தேர்தல் வரும் சண்டை இது. மூவருமே, ஆனால் மூன்று வேறு வேறு காரியங்கள்.

1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர், ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதியம் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. பிள்ளைகள் பசியால்தான் வராமல் இருக்கிறார்கள் என்பதை ஒரு நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது இங்கேதான் என்பேன்.

1956இல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கிய திட்டம் ஊர்களுக்குப் போனது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அரிசி, பருப்பு, விறகு, பாத்திரம் என்று மக்கள் கொடுத்ததில்தான் ஆரம்பம். பிறகு அரசு மானியம் வந்தது. அதே ஆர்வத்தில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே பெஞ்சு, மணி, கடிகாரம், நிலம் என்று கொடுத்தார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிச் சுவரில் ஒரு பழைய 'உபயம்' கல் இருந்தால், இந்தக் காலத்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1960களில் அமெரிக்காவின் கேர் அமைப்பு அனுப்பிய பால் பவுடரும் மாவும் வந்தன. அந்த ருசியைத் திட்டாத தாத்தா கிடையாது. சாப்பிடாத தாத்தாவும் கிடையாது.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு அளவிலேயே வேறு. நன்கொடையை நம்பாமல் அரசு நிதி, பள்ளிக்குப் பள்ளி சமையல் கூடம், சம்பளத்துக்கு ஆள். ஆதரவற்ற பெண்களுக்கு அந்த வேலையில் முன்னுரிமை தந்தார்கள். நிதி வல்லுநர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தமிழ்நாட்டில் அது வயதுக்கு வந்த திட்டம். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது.

குலக்கல்வித் திட்டம் என்றால் என்ன?

1953இல் ராஜாஜி கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம். பள்ளி தினமும் மூன்று மணி நேரம். ஒரு பகுதிப் பிள்ளைகள் காலையில், இன்னொரு பகுதி பிறகு. மீதி நேரத்தில் கிராமத்துத் தொழிலைப் பழகலாம். இருக்கிற கட்டடத்தில், இருக்கிற ஆசிரியர்களை வைத்து இரண்டு மடங்குப் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் தரப்பு. கணக்காகப் பார்த்தால் தவறில்லை. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கையருகே இருந்த தொழில் அப்பன் தொழில்தான். பரம்பரையாகச் செய்ததிலிருந்து தப்பிக்கத்தானே பள்ளிக்கு அனுப்பினோம் என்று கேட்டவர்களுக்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை. 'குலக்கல்வி' என்று எதிர்ப்பாளர்கள் வைத்த பெயரே நிலைத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

ஒண்ணாம் பாரம், பி.யூ.சி. என்று பெரியவர்கள் சொல்வது என்ன?

முதல் பாரம் என்றால் இன்றைய ஆறாம் வகுப்பு. ஆறாவது பாரம் பதினோராம் வகுப்பு, அங்கே எஸ்.எஸ்.எல்.சி. எழுதுவார்கள். அதன் பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி., அதாவது புகுமுக வகுப்பு. 1978இல் பிளஸ் டூ வந்து இரண்டையும் மாற்றியது. முதல் பிளஸ் டூ தேர்வு 1980இல்.

நம் தாத்தா பாட்டிகளில் பலருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவது ஏன்?

பள்ளி ஜூனில் திறக்கும். பிறப்புச் சான்று யாரிடமும் இருக்காது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தேதியைத் தலைமையாசிரியர் போட்டுக்கொள்வார். அரசு வேலையில் ஓய்வு பெறும் நாளையே அந்த வாத்தியாரின் பேனா தீர்மானித்துவிடும்.

கூரைக் கொட்டகை வகுப்புகள் எப்போது மறைந்தன?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமையல் கூடத்திலிருந்து பரவிய தீ கீற்றுக்கூரையில் பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்தெறிந்தார்கள். கட்டடப் பாதுகாப்பு விதிகள் அதற்கு முன்பும் காகிதத்தில் இருந்தன.

செயல்வழிக் கற்றல் வந்தபோது பெஞ்சை எடுத்துவிட்டுத் தரையில் உட்காரவைத்தார்களே, அது பின்னடைவு இல்லையா?

பல பெற்றோர் அப்படித்தான் கோபப்பட்டார்கள். பெஞ்சு என்பது மரியாதை. அதை அடைய எத்தனை தலைமுறை ஆனது என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுக்கப் பரவிய அந்த முறையில், ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையை எடுத்துத் தன் வேகத்தில் படித்தது. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில், ஒரே ஆசிரியரோடு உட்கார்ந்தார்கள். திண்ணையில் ஒவ்வொருவனும் அவனவன் சுவடியோடு உட்கார்ந்ததை நினைத்துப் பாருங்கள். கோதண்டம் மட்டும் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையே தடை செய்துவிட்டது.

எங்கள் ஊர்ப் பள்ளியின் வரலாற்றைத் தேட எங்கே தொடங்கலாம்?

தலைமையாசிரியர் அறை பீரோவில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். செல்லரித்திருக்கும், பரவாயில்லை, ஊரில் வேறெந்தக் காகிதத்தையும் விட அது அதிகம் பேசும். முன்கூட்டிக் கேட்டு, அனுமதியோடு பாருங்கள். முதல் பக்கத்தின் தேதியோடு நின்றுவிடாதீர்கள். தகப்பனார் தொழில் என்ற பத்தியை மேலிருந்து கீழே வாசியுங்கள்: கணக்குப்பிள்ளை, மிராசு, வியாபாரம் என்று போகும். எந்த வருடம் முதல் 'கூலி' வருகிறது என்று பாருங்கள். முதல் பெண் பெயர் எந்த வருடம், காலனித் தெருவின் முதல் பெயர் எந்த வருடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே பிள்ளைகளுக்கு நேரே, நீக்கம் என்ற பத்தியில் எத்தனை மாதம் கழித்துத் தேதி போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.